தொட்டிக்குள் ஓர் ஓயா: தண்ணீரைச் சுற்றிவர வைத்தல்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டனைத் தாண்டி லக்கல பக்கம் இறங்கினால் இலுக்கும்புரவில் தெல்கமு ஓயா வரும். மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் அதன் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும் காலமாகப் பார்த்துப் போங்கள். மலையில் வானம் இருண்டிருந்தால் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். நக்கிள்ஸ் ஓயாக்களில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கரையிலிருந்து தெரியும் ஒரு பெரிய கல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் முகத்தில் தண்ணீர் மோதி வெள்ளையாக உடைகிறது. இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கல்லின் முதுகுப் பக்கம் மட்டும் தண்ணீர் திரும்பி மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சருகு அங்கே அகப்பட்டால் சில சுற்றுச் சுற்றிய பிறகுதான் வெளியே போகும். நீந்தும் மீன்கள் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். வேகமான நீரில் நின்றால் களைத்துப்போகும், சுழலின் நடுவே நின்றால் இரை வராது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில் நிற்கும். ஓட்டத்தில் ஏதாவது அடித்துக்கொண்டு வந்தால் பாய்ந்து கவ்விவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். கல்லின் மேல்முகத்திலோ, அத்தனை வேகத்துக்கும் அசையாமல், காரா மீன் வாயின் கீழுள்ள வட்டமான தசையால் ஒட்டிக்கொண்டு பாசி மேய்ந்துகொண்டிருக்கும்.

நம் தொட்டிக்கும் இவை மூன்றும் வேண்டும்: ஓடும் இடம் ஒன்று, ஒதுங்கும் இடம் ஒன்று, எல்லா மூலைக்கும் போய் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பும் தண்ணீர். பெரிய மோட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுபவர்கள் நிறையப் பேர். சின்ன மோட்டரைச் சரியான திசையில் வைத்தவரின் தொட்டி அதைவிட நன்றாக இருக்கும்.

ஏன் ஓட வேண்டும்

மீன் சுவாசிக்கும் ஒட்சிசன் முக்கியமாக மேற்பரப்பு வழியாகத்தான் தண்ணீருக்குள் வருகிறது. பாசியும் செடியும் பகலில் கொஞ்சம் கொடுக்கும். இரவில் அவையும் எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பிலிருந்து அடிக்கு ஒட்சிசன் தானாகவே இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். அசையாத நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவுக்குக் குறைவு. ஒரு அடி ஆழத்தைக் கடப்பதற்கே பல மாதங்கள் ஆகும், அதற்குள் அடியிலுள்ள மீன் மூச்சுத் திணறிவிடும். தண்ணீரே மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டுக் கீழே போனால்தான் அடியில் இருப்பவற்றுக்குப் பங்கு கிடைக்கும். காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் இதே வழியில்தான்.

நம் மாத்தளை மாவட்டத்தில் இடத்துக்கு இடம் கணக்கு மாறும். சுத்தமான நீர் கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.6. தம்புள்ளை, கலேவெல பக்கம் சித்திரையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். சூட்டில் மீனின் உடல் கேட்கும் ஒட்சிசன் கூடுகிறது, நீர் கொடுப்பது குறைகிறது. எல்கடுவ, ரிவர்ஸ்டன் அடிவாரத் தோட்டங்களில் நீர் குளிராக இருக்கும். ஆனால் 1,000 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீர் கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். குளிர் அதை ஈடுகட்டிவிடுவதால் மலையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தம்புள்ளைக்காரர்தான் மேற்பரப்பைக் கலக்குவதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

இன்னொரு காரணம் கழிவு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுபவை, ஸ்பொஞ்சிலும் மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் பற்றீரியாக்கள். அமோனியா அவற்றைத் தேடிப் போவதில்லை, நீர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். நீர் போகாத மூலையில் குப்பை படியும், ஒட்சிசன் தீரும், மணல் கறுக்கும். கிளறினால் கூமுட்டை நாற்றம் வரும். தொட்டி கெடுவது பெரும்பாலும் இப்படி ஒரு மூலையில்தான் தொடங்குகிறது.

எவ்வளவு ஓட வேண்டும்

முதலில் தொட்டியின் கொள்ளளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1,000 ஆல் பிரித்தால் லீற்றர் வரும். இரண்டடிக்கு ஒரு அடித் தொட்டி 60, 30, 30 என்றால் 54 லீற்றர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பி, பிளாட்டி, சிறிய கெண்டையினங்கள் உள்ள சாதாரணத் தொட்டிக்கு, உள்ள நீர் மணிக்கு நான்கைந்து தரம் சுற்றினால் போதும். 45 லீற்றருக்கு 200 லீற்றர் சொச்சம். ஓடும் நீரின் மீன்களுக்குப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். ஃபைட்டர் மீனுக்கும் குராமிக்கும் மிகக் குறைவு. அவற்றுக்குக் காற்றையே குடித்துச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. தேங்கிய நீரில் வாழ்ந்து பழகிய அவற்றை ஓட்டத்தில் விட்டால், நாள் முழுக்க அடித்துச் செல்லப்படாமல் இருப்பதற்கே பலத்தைச் செலவழித்து நலிந்துவிடும்.

மோட்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது குழாயும் ஸ்பொஞ்சும் இல்லாமல், உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த எண். வீட்டில் பாதி வந்தால் பெரிது. அளப்பதும் எளிது. ஃபில்டர் வழக்கம்போல் ஓடும்போது, நீர் வெளிவரும் குழாயை அதே உயரத்தில் பிடித்து 5 லீற்றர் வாளி ஒன்றில் விடுங்கள். நிரம்ப ஒரு நிமிடம் எடுத்தால் மணிக்கு 300 லீற்றர், இரண்டு நிமிடமென்றால் 150. தொட்டி வைத்த அன்றே அளந்து, கண்ணாடியின் பின்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க இந்த எண்தான் உதவும்.

திசைதான் பாதி வேலை

நீர் விழும் இடமும் உறிஞ்சும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், விழுந்த நீரே திரும்ப உறிஞ்சப்படும். மறுகோடி அப்படியே தேங்கிக் கிடக்கும். எளிய ஏற்பாடு இதுதான்: குறுகிய பக்கச் சுவர் ஒன்றில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வெளிவரும் குழாயை நீளவாக்கில் எதிர்ச்சுவரைப் பார்த்து வையுங்கள். நீர் மேலாக ஓடி எதிர்ச்சுவரில் மோதிக் கீழிறங்கி, அடிவழியாகத் திரும்பி வரும். உறிஞ்சும் வாயைப் புறப்பட்ட பக்கத்திலேயே அடியில் வைத்தால், அந்தச் சுற்று குப்பையைத் தானே அள்ளிக்கொண்டு வந்து ஒப்படைக்கும். குழாய் மிக மேலே இருந்தால் சத்தம்தான் மிஞ்சும், மிக ஆழத்தில் இருந்தால் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படியும். மேற்பரப்பு முழுவதும் மெல்ல நெளிய வேண்டும். விளக்கின் ஒளி மணலில் ஆடுவது தெரிந்தால் சரியான ஆழம்.

மூலையில்லாத தொட்டி என்ன செய்யும் என்பதற்குக் கெண்டைக் குஞ்சுப் பொரிப்பகங்கள் நல்ல உதாரணம். சீன முறைப் பொரிப்பகத்தில் தொட்டி வட்டமாக இருக்கும். சரிவாகப் பொருத்திய குழாய்கள் நீரை ஒரே திசையில் சுழலவைக்கும். முட்டைகள் அடியில் படியாமல், குவியாமல், நீரோடு சுற்றிக்கொண்டே இருந்து பொரிக்கும். நம் கண்ணாடித் தொட்டிக்கு நான்கு மூலை உண்டு. மூலையில் கல்லைச் சாய்த்து, பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தால் நீர் அதன் பின்னால் புகுந்து வெளியேறும். கல்லைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, நாமே புதிதாக ஒரு பொந்து உண்டாக்குவதுதான் பலரும் செய்வது.

தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, மீன் தீனி ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் மாவாகப் பொடித்து, ஈரமாக்கி, நீர் வெளிவரும் வாயருகே விடுங்கள். அறை விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் ஒவ்வொரு துகளும் பளிச்சென்று தெரியும். எங்கே வேகம், எங்கே திரும்புகிறது, எங்கே மழைபோல் இறங்கிப் படிந்துவிடுகிறது என்று இரண்டே நிமிடத்தில் முழு வரைபடமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படியும் இடத்தைப் பார்த்துக் குழாயைச் சற்றே திருப்பி, மறுபடியும் ஒரு சிட்டிகை விடுங்கள். ஒரு கல்லை ஒரு அங்குலம் நகர்த்தினாலே ஓட்டம் மாறும். அதற்கு மேல் தீனி போட வேண்டாம், அதுவும் கழிவுதான்.

துளைக்குழாய்

ஓட்டம் ஒரே இடத்தில் பீச்சாமல் பரவலாக விழ வேண்டுமென்றால் துளைக்குழாய் செய்துகொள்ளலாம். மாத்தளைக் கடைத்தெருவில் எந்த ஹார்ட்வெயாரிலும் கிடைக்கும் அரை அங்குல எஸ்-லோன் பைப் போதும். ஒரு முனையை மூடியால் அடைத்து, மறுமுனையை ஃபில்டரின் குழாயோடு பொருத்தி, வரிசையாகத் துளையிடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு ஃபில்டர் குழாயின் உள்வாய்ப் பரப்பை ஒத்திருக்க வேண்டும். உள்விட்டம் 12 மில்லிமீற்றர் உள்ள குழாய்க்கு 4 மில்லிமீற்றர் துளை ஒன்பது சரியாக வரும். அதைவிடக் குறைத்தால் வேகமாகப் பீச்சும், ஆனால் மோட்டர் திணறி மொத்த ஓட்டம் குறையும். கூட்டினால் சில துளைகளில் நீர் சும்மா வழியும். குறைவாகத் துளையிட்டுத் தொடங்குங்கள். துளையைக் கூட்டலாம், போட்டதை அடைப்பதுதான் கஷ்டம். துளையின் பிசிறைக் கத்தியால் சீவிவிடுங்கள், இல்லையென்றால் பாசி அதில்தான் முதலில் பிடிக்கும்.

மாத்தளை மண்ணில் சுண்ணாம்புக்கல் அதிகம். சூளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிணற்றுநீர் பாவிக்கும் வீடுகளில் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து வாய் சிறுத்துவிடும். கழற்றி, வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கம்பியால் குத்த வேண்டாம், துளை கோணலாகும்.

ஓயாத் தொட்டி

ஓடும் நீரின் மீன்களை வைக்க ஆசைப்படுபவர்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. மூன்றடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடியும் உள்ள தொட்டி 130 லீற்றர் கொள்ளும். ஒரு கோடியில் இரண்டு சிறிய பவர்ஹெட் மோட்டர்கள், மறுகோடியில் இரண்டு பெரிய ஸ்பொஞ்சுகள். ஸ்பொஞ்சுகளிலிருந்து இரண்டு பைப்புகள் மணலுக்கு அடியில் நீளமாக ஓடி வந்து, முழங்கை வளைவால் மேலேறி, மோட்டர்களின் உறிஞ்சுவாயில் பொருந்தும். மோட்டர் நீரை மேலே ஒரே திசையில் தள்ளும். மறுகோடிக்குப் போன நீர் ஸ்பொஞ்சில் வடிந்து, மணலடிக் குழாய் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கு வரும். மணலுக்கு மேலே நீர் திரும்பி வரும் ஓட்டம் அதிகம் இல்லாததால், தொட்டி முழுக்க ஒரே திசையில் ஓடும் ஓயாவாகிவிடும். பொருத்துகளுக்குப் பசை போட வேண்டாம். நீருக்குள் கிடப்பதால் சிறிது கசிந்தாலும் குற்றமில்லை, பிறகு கழற்றிக் கழுவ வசதி. மணலடிக் குழாயில் துளை மட்டும் எங்கும் இருக்கக்கூடாது.

மோட்டர் பெட்டியில் ஒவ்வொன்றும் மணிக்கு 1,000 லீற்றர் என்று போட்டிருந்தால், நடைமுறையில் இரண்டும் சேர்ந்து 1,000 முதல் 1,300 வரை தரும். தொட்டிக்குப் பத்து மடங்கு. உருண்டைக் கற்களை ஓட்டத்துக்குக் குறுக்கே, ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஒதுங்கிடம் கிடைக்கும். மீன் வாங்கி விட்டபின் ஒரு வாரம் கவனியுங்கள். எல்லாமே கல்லுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வெளியே வரவில்லையென்றால் ஓட்டம் அதிகம், மோட்டர் வாயைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்து வேகத்தை உடையுங்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து நின்று, நடுநடுவே ஒதுங்கி, மறுபடி வந்தால் அளவு பொருந்திவிட்டது.

எந்த மீன் என்ற கேள்விக்கு, தொட்டியில் இனப்பெருக்கம் செய்த வரித் தேனியோவும், நம் நாட்டுக்கே உரிய கருஞ்சிவப்புக் கெண்டையும் என்பதே என் பதில். இரண்டும் ஓட்டத்தில் விளையாடும், கடையிலும் கிடைக்கும். ஓயாவிலிருந்து பிடித்து வருவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நக்கிள்ஸ் 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அம்பன் கங்கை, களுகங்கைப் பக்கம் வாழும் மூன்று மீன்களின் நிலைமை மிகவும் கவலைக்குரியது. லக்கல பல்லேகமப் பகுதிக் களுகங்கையிலிருந்து 1985 இல் அறிவியலுக்கு அறிமுகமான டாக்கின்சியா ஸ்ரீலங்கன்சிஸ், 1991 இல் பெயரிடப்பட்ட சிஸ்டோமஸ் மார்டென்ஸ்டைனி, வேகமான ஆழ்நீரில் கல்லில் பாசி மேயும் லேபியோ ஃபிஷெரி ஆகியவை அவை. மூன்றும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை, சட்டம் மூன்றையும் பாதுகாக்கிறது. இதே ஆறுகளில் மொரகஹகந்த அணைக்குப் பின்னால் 2017 இலும் களுகங்கை அணைக்குப் பின்னால் 2018 இலும் நீர் தேங்கத் தொடங்கியது. வரட்சியில் வாடிய வயல்களுக்கு அந்த நீர் வேண்டியதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் ஒரு நீளம் குளமாகிப்போனது. ஓட்டத்துக்கென்றே உடல் அமைந்த மீனுக்கு ஓட்டம் எவ்வளவு அவசியம் என்று புரிந்தவர்கள், மிச்சமிருக்கும் ஓயாவில் வலை போட மாட்டார்கள். தொட்டியில் வளர்ந்த மீனைக் கொண்டுபோய் ஓயாவில் விடுவதும் அதே அளவு கெடுதல்.

எயார் பம்ப் போதுமா

சிறிய தொட்டிக்குத் தாராளமாகப் போதும். எயார் பம்பும் ஸ்பொஞ்ச் ஃபில்டரும் சேர்ந்த பழைய ஏற்பாட்டை நான் இன்றும் முதலில் பரிந்துரைக்கிறேன். குமிழிகள் குழாய்க்குள் ஏறும்போது நீரையும் சேர்த்துத் தூக்கும், அந்த இடத்துக்கு ஸ்பொஞ்ச் வழியாக வேறு நீர் வரும். ஒட்சிசன் குமிழியிலிருந்து நேரே கரைவது கொஞ்சம்தான். குமிழி நீரை மேலே கொண்டுவந்து மேற்பரப்பைக் கலக்குவதே பெரிய வேலை. 3 வாட்ஸ் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் இரண்டு யூனிட்டைச் சற்றுத்தான் தாண்டும். 20 வாட்ஸ் மோட்டரென்றால் 14 யூனிட்டுக்கு மேல். பெரிய மோட்டரின் சூடும் நீரில்தான் இறங்குகிறது என்பதைத் தம்புள்ளைப் பக்கத்தவர்கள் மறக்க வேண்டாம்.

பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். கீழே வைப்பதானால் குழாயில் நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்று போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போகும்போது தொட்டி நீர் குழாய் வழியே வடிந்து பம்புக்குள்ளும் தரைக்கும் வந்துவிடும். எந்த வயரும் பிளக்கை நோக்கி நேராக இறங்கக்கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலேற்றினால், வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே தொட்டிக்குக் கரண்ட் கொடுங்கள்; கையை நீரில் விடும்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. மலைத்தோட்டங்களில் காற்றும் மழையும் சேர்ந்தால் இன்றும் மரம் விழுந்து லைன் போய்விடும். நீர் நின்ற தொட்டிகளில் முதலில் தவிப்பது அதிகம் மீன் அடைத்துவைத்த தொட்டிதான். மீன் குறைவாக வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். தின்ற மீனுக்கு ஒட்சிசன் அதிகம் தேவை, மிஞ்சிய தீனி அழுகவும் ஒட்சிசன் வேண்டும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், ஒரு கோப்பையால் நீரை முகந்து ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுங்கள். சில நிமிடம் ஊற்றி, அரை மணி விட்டு மறுபடி ஊற்றினால் இரவைத் தாண்டிவிடலாம். பற்றரியில் ஓடும் சிறிய எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

ஸ்பொஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் அதன் பற்றீரியாக்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வெளியே வைக்கும் மூடிய கனிஸ்டர் ஃபில்டர் அப்படியில்லை. அதற்குள் அடைபட்ட நீரில் உள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்களே தின்று தீர்த்துவிட்டு, பிறகு தாங்களும் சாகத் தொடங்கும். பல மணி நேரம் நின்ற கனிஸ்டரை, கரண்ட் வந்தவுடன் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டால், அந்தக் கெட்ட நீர் முழுவதும் ஒரே மூச்சில் மீன்கள் மேல் கொட்டும். ஆகவே கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவைத்துவிடுங்கள். கரண்ட் வந்தபின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாற்றமிருந்தால் உள்ளே இருக்கும் நீரைக் கொட்டி, ஸ்பொஞ்சையும் கற்களையும் தொட்டியிலிருந்து முகந்த வாளி நீரில் அலசுங்கள். நீர் வழங்கல் சபையின் குழாய் நீரில் நேரே அலசினால், அதிலுள்ள குளோரின் மிஞ்சிய பற்றீரியாக்களையும் கொன்றுவிடும். அலசிப் பொருத்தியபின், வெளிவரும் குழாயை முதலில் ஒரு வாளியில் விட்டு ஓடவையுங்கள். நீர் தெளிந்து நாற்றமில்லாமல் வந்தபிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளைக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் கால்வாசி நீரை மாற்றிவாருங்கள்.